எல்லைக் கோட்டைப் போட்டது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஒரு பௌதிக நிகழ்வை இன்னதென்று வரையறுப்பது எது? அது நடந்த இடமும் நேரமும் போதும் என்று எதிரணித் தலைவர் பேசிவிட்டுப் போனார். காரணமும் விளைவுமே என்பது எங்கள் அணி. 1969இல் டொனால்ட் டேவிட்சன் என்ற மெய்யியலாளர் இதைத் தெளிவாக எழுதினார்: இரண்டு நிகழ்வுகளுக்குக் காரணங்களும் விளைவுகளும் அப்படியே ஒன்றாக இருந்தால், அவை இரண்டல்ல, ஒன்றே.

2004 டிசம்பர் 26. மட்டக்களப்பில் நின்று இந்தத் திகதியைச் சொன்னால் விளக்கம் தேவையில்லை. நம் நேரப்படி காலை 7 மணியை நெருங்கும்போது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பாறை நழுவத் தொடங்கியது. அது ஒரு புள்ளியில், ஒரு கணத்தில் முடிந்துவிடவில்லை. வடக்கே அந்தமான் பக்கமாக ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நீளத்துக்கு, 8 முதல் 10 நிமிடங்கள் வரை அந்தப் பிளவு ஓடியது. தெற்கு முனை நழுவியபோது வடக்கு முனை அசையவே இல்லை. இடமும் வேறு, நேரமும் வேறு. பிறகு ஏன் அதை ஒரு நிலநடுக்கம் என்கிறோம்? ஒரு துண்டு நழுவியதால் அடுத்த துண்டின் மீது அழுத்தம் ஏறியது, அதனால் அதுவும் நழுவியது. காரணச் சங்கிலி அறுபடவில்லை, அதனால் ஒன்று.

"சரி, அந்த 1,200 கிலோமீற்றரையும் 10 நிமிடத்தையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம்" என்று எதிரணி சொல்லலாம். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எல்லைக் கோட்டை உங்களுக்குப் போட்டுத் தந்தது யார்? அதே கடலில், அதே நிமிடங்களில் நீரோட்டம் ஓடியது, மீன் நீந்தியது. அவற்றை நிலநடுக்கத்தில் யாரும் சேர்ப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் வீடுகளுக்குள் ஏறிய அலையை மட்டும் அதோடு இணைத்துப் பேசுகிறோம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தது வரைபடமும் அல்ல, கடிகாரமும் அல்ல. எதனால் எது நடந்தது என்பதே.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஓர் உலோகக் கோளம் ஒரு நிமிடத்தில் 35 பாகை சுழல்கிறது. அதே நிமிடத்தில் சூடாகவும் செய்கிறது. இவை ஒரு நிகழ்வா என்று டேவிட்சனே கேட்டார். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். ஒரே தோட்டத்தில், ஒரே நேரத்தில் காற்றும் அடித்தது, மழையும் கொட்டியது. தென்னை முறிந்து விழுந்தது காற்றினால். வயலில் வெள்ளம் நின்றது மழையினால். இடமும் நேரமும் மட்டுமே அளவுகோல் என்றால் இந்த இரண்டையும் பிரிக்க எதிரணியிடம் வழி இல்லை.

ஐன்ஸ்டைனையும் அவர்கள் துணைக்கு அழைத்தார்கள். சார்பியலில் நிகழ்வு என்பது இடமும் காலமும் சேர்ந்த வெளியில் ஒரு புள்ளி என்றார்கள். உண்மை. ஆனால் அதே 1905 கோட்பாடு இன்னொன்றும் சொல்கிறது. ஒன்றையொன்று பாதிக்க முடியாத தூரத்தில் இருக்கும் இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்பது பார்ப்பவரின் வேகத்தைப் பொறுத்து மாறும். காரணம் முன்னால், விளைவு பின்னால் என்ற ஒழுங்கு மட்டும் யாருக்கும் மாறாது. அந்தப் புள்ளியின் இடத்துக்கும் நேரத்துக்கும் எழுதும் எண்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. மாறாமல் நிற்பதன் மேல் வரையறையைக் கட்டுவதுதானே முறை?

இனி எதிரணியின் வலுவான அடி. விளைவும் ஒரு நிகழ்வுதான், அதை அடையாளம் காண இன்னொரு விளைவு வேண்டும், இது வட்டத்தில் சுற்றுகிறது என்று குவைன் என்ற இன்னொரு மெய்யியலாளர் காட்டினார். 1985இல் டேவிட்சனும் அதை ஏற்று இடம், காலம் என்ற பக்கம் போனார். இந்த எதிர்வாதத்தை மதிக்கிறேன், ஆனால் டேவிட்சன் அவசரப்பட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். நமது பகுதியில் ஒருவர் யாரென்று கேட்டால் தாய்வழியில் இன்ன குடி, இன்னாருடைய மருமகன் என்கிறோம். அந்த இன்னாரை விசாரித்தாலும் உறவுகளைத்தான் சொல்கிறோம். சுற்றிச் சுற்றி வருகிறது, ஆனாலும் ஆள் மாறிப் போவதில்லை. முழு வலையில் அவரவர் நிற்கும் இடம் வேறு வேறு என்பதே காரணம். நிகழ்வுகளின் வலையும் அப்படித்தான்.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் மேடைக்கு வரும்போது அந்தக் கோளத்தைப் பற்றி நேரடியாகச் சொல்லட்டும். சுழன்றதும் சூடானதும் ஒன்றே என்பாரானால், தொட்ட கையைச் சுட்டது சுழற்சிதான் என்பதையும் அவர் ஏற்கிறாரா?