60 ரூபாய்க்கு மூணு கரண்டித் தயிர்: சுங்கான்கடை வழியில் ஒரு கிரேக்கக் கடை

மக்களே, வணக்கம். முதலில் இதைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், செத்த நேரம் பொறுங்கள், ஃபோகஸ் ஆகட்டும். ஆங், இப்போது தெரியும். இந்தக் குட்டி டப்பா. ஓட்டலில் பார்சல் இட்லிக்கு மிளகாய்ப்பொடி வைத்துத் தருவார்களே, கிட்டத்தட்ட அந்த அளவுதான். இதற்கு 60 ரூபாய். டப்பாவுக்கு இல்லை, உள்ளே இருந்த தயிருக்கு.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, அம்மாவின் இருமல் மருந்து மூடியால் தண்ணீர் ஊற்றி அளந்தேன். 45 மில்லி. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன், அதே 45. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 1,333 ரூபாய், மக்களே. பெட்ரோல் பங்க்காரர்களை இத்தனை நாள் அநியாயமாகத் திட்டிவிட்டேன்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன். போன மாதம் ஷவர்மா வீடியோ போட்டேன் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு நீங்கள் பத்துப் பேராவது எழுதியிருந்தீர்கள், நாகர்கோவில் பார்வதிபுரம் மேம்பாலம் இறங்கி சுங்கான்கடை பக்கம் போகிற வழியில் ஒரு கிரேக்கக் கடை வந்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று. கூடவே ஒருத்தர், "அதுவும் ஷவர்மாதான், பேரை மாற்றி விற்கிறான்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன். அவருக்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன்.

கடைப் பெயர் சொல்ல மாட்டேன். திட்டுகிற வீடியோவில் பெயர் இல்லை, அது நம் சேனல் வழக்கம். கடை என்றால் பெரிதாக எதுவும் கற்பனை பண்ணாதீர்கள். முன்பக்கம் தகரக் கூரை, ஆறு மேசை, சுவரில் நீலமும் வெள்ளையும் அடித்திருக்கிறார்கள், ஒரு ஓரத்தில் நீளமான கரி அடுப்பு. ஏசி இல்லை. அம்மா உட்கார்ந்தவுடனே முந்தானையால் விசிற ஆரம்பித்துவிட்டாள். உரிமையாளர் அண்ணனுக்கு முட்டம் பக்கம், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கிரேக்கக் கம்பெனிக் கப்பல்களில் வருடக் கணக்காக ஓடி, பீரேயஸ் துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் இதைத் தின்று தின்று கற்றுக்கொண்டாராம். நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒருத்தர் கப்பலுக்குப் போகிறார், ஆனால் திரும்பி வந்து கிரேக்கக் கடை போட்டவர் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

அதிலும் ஒரு வேடிக்கை. ஏறக்குறைய 2,000 வருடத்துக்கு முன்னால் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு கடல் வழிக் குறிப்பில் நம்ம குமரிமுனையின் பெயர் வருகிறது. ஆண்களும் பெண்களும் அங்கே வந்து நீராடித் துறவு வாழ்க்கை வாழ்கிறார்கள், ஒரு பெண் தெய்வம் அங்கே நீராடியதாகச் சொல்கிறார்கள் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆள்கள் அப்போதே வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள், சாப்பாடு வந்து சேரத்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

இப்போது அந்த ஷவர்மா அண்ணாச்சிக்கு. இது ஸுவ்லாக்கி. ஸுவ்லா என்றால் இறைச்சி குத்துகிற கம்பி, ஸுவ்லாக்கி என்றால் குட்டிக் கம்பி. இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டி, கம்பியில் கோத்து, கரியில் படுக்கவைத்துச் சுடுகிறார்கள். நீங்கள் சொல்கிற மாதிரி நிற்கவைத்துச் சுற்றவிட்டு ஓரத்தில் சீவி எடுக்கிற சாமானும் அவர்களிடம் உண்டு, அது யீரோஸ். அதை ஷவர்மாவுக்கு உறவுக்காரன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இது வேறு. போதுமா?

பெயரில் அவர்களுக்குள்ளேயே ஒரு சண்டை இருக்கிறதாம், அண்ணன் கரி விசிறிக்கொண்டே சொன்னார். ஏதென்ஸில் வெறும் கம்பி இறைச்சி வேண்டுமென்றால் கலமாக்கி என்று கேட்க வேண்டும், குட்டி நாணல் என்று அர்த்தம். அதையே வடக்கே தெஸ்ஸலோனிக்கியில் போய்க் கேட்டால் ஜூஸ் உறிஞ்சுகிற குழாயை எடுத்து நீட்டுவார்களாம். நான் சென்னையில் காய்கறிக் கடையில் நின்று மரவள்ளிக்கிழங்கை நம்ம ஊர்ப் பேச்சில் மரச்சீனி என்று கேட்டு முழித்த கதைதான். பழைய ஆள்களுக்குத் தெரியும், அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை.

என்ன வாங்கினோம் என்று சொல்லவில்லையே. எனக்குக் கோழி வைத்துச் சுருட்டிய பீட்டா ரொட்டி 170, அம்மாவுக்கு இரண்டு கம்பி இறைச்சி வைத்த பிளேட் 240, நடுவில் ஒரு சாலட் 150, இரண்டு எலுமிச்சை ஜூஸ் 60, அப்புறம் இந்த மகாராஜா டப்பா 60. மொத்தம் 680.

பீட்டா எனக்குப் பிடித்தது. ரொம்பவே பிடித்தது. இது பை மாதிரிப் பிளக்கிற பீட்டா இல்லை. கொஞ்சம் தடிமனாக, மெத்தென்று, மேலே எண்ணெய் தடவிக் கரியில் காட்டி எடுத்தது, அங்கங்கே கருப்புப் புள்ளி. அதில் கோழி, தக்காளி, வெங்காயம், கூடவே வறுத்த உருளைக்கிழங்கையும் உள்ளேயே வைத்துச் சுருட்டித் தருகிறார்கள். கிழங்கை ஏன் உள்ளே திணிக்கிறீர்கள், இடத்தை அடைக்கவா என்று கேட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. கிரீஸில் அப்படித்தான் தருவார்கள், வேண்டாமென்றால் வெளியே வைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இறைச்சிக்கு மசாலா கிடையாது. எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகு, ஓரிகானோ, அவ்வளவுதான். கோழியில் தொடைக்கறியாக எடுத்திருந்ததால் வறண்டு போகவில்லை. கரியும் சிரட்டைக் கரி, அந்த மணம் வீட்டுக்கு வந்த பிறகும் துப்பட்டாவில் இருந்தது. அம்மா ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மக்ளே, இதுல கற்பூரவள்ளி போட்டிருக்கான்" என்றாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓரிகானோவும் நம்ம கற்பூரவள்ளியும் வேறு வேறு செடி, ஆனால் மணத்துக்குக் காரணமான கார்வக்ரோல் என்கிற சாமான் இரண்டிலும் இருக்கிறது. அம்மாவின் மூக்கை இனிமேல் நான் சந்தேகப்பட மாட்டேன். ஆனால் அவளுக்குக் கறி பிடிக்கவில்லை. "உப்பும் புளியும் இல்லாம, நோயாளிக்குச் சுட்ட மாதிரி" என்றாள், சொல்லிக்கொண்டே இரண்டு கம்பியையும் முடித்தாள். பக்கத்தில் கொஞ்சம் மரச்சீனி அவித்து வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அண்ணனிடமே சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்று விட்டுப்போனது. கிரீஸில் இதற்குப் பன்றிதான் முக்கியம், கோழியும் ஆடும் அப்புறம்தான். இங்கே மற்ற நாள் கோழியும் ஆடும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பன்றி. அம்மா தின்றது ஆடு.

சாலட்டைப் பற்றி ஒரு நிமிடம், ஏனென்றால் அங்கேதான் அண்ணன் மேல் எனக்கு மரியாதை வந்தது. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், கருப்பு ஆலிவ், மேலே ஒரு கட்டி வெள்ளைச் சீஸ். இலைதழை எதுவும் இல்லை, ஊர்ப்புறக் கிரேக்க சாலட்டில் கீரை இலை போட மாட்டார்களாம். கிரேக்கர்களின் ஃபெட்டா சீஸா என்று கேட்டேன். "இல்ல தங்கச்சி, உப்புத் தண்ணியில ஊறப்போட்ட பனீர்" என்றார். பலகையிலும் வெள்ளைச் சீஸ் என்றுதான் எழுதியிருக்கிறார். நிஜ ஃபெட்டா செம்மறிப் பாலில் செய்வது, கொஞ்சம் வெள்ளாட்டுப் பால் சேர்க்கலாம், 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரீஸில் செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர் வைக்க முடியும். நம்ம மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோமே, அந்த மாதிரி. இங்கே எத்தனை பேர் பனீரை ஃபெட்டா என்று விற்கிறார்கள். இவர் விற்கவில்லை. இவ்வளவு நேர்மையான மனுஷன் தயிரில் ஏன் இப்படிப் பண்ணினார் என்பதுதான் என் ஆற்றாமை.

தயிருக்கு வருகிறேன். அதன் பெயர் ஸாட்ஸிகி. பலகையில் பார்த்து வாசிக்க எனக்கு மூன்று முயற்சி ஆனது, வெட்டாமல் அப்படியே போட்டிருக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடித்து, துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய், பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு சேர்ப்பது. வெள்ளையாக ஒன்று வந்ததும் எனக்கு மயோனைஸ் பயம் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியும், எனக்கும் அதற்கும் ஆகாது, 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பச்சை முட்டை மயோனைஸை ஒரு வருடத்துக்குத் தடை செய்தபோது இந்த வீட்டில் பாயசம் வைத்தோம். ஆனால் இது அது இல்லை. புளிப்பு, குளிர்ச்சி, பூண்டு கடைசியில் வந்து மெதுவாக ஒரு கடி. சுட்ட கறியில் தொட்டால் அந்தக் கறியே வேறாகிவிடுகிறது. பீட்டாவுக்குள் தடவியிருந்தது போதாமல்தான் தனியாகக் கேட்டேன். எக்ஸ்ட்ரா 60 என்று பலகையில் எழுதியிருந்தது, அதை மறைக்கவில்லை. நான்தான் அரைக் கிண்ணமாவது வரும் என்று நினைத்தேன்.

அம்மா விரலால் தொட்டு நக்கிவிட்டு ஒரே வரியில் முடித்தாள். "இது நம்ம வெள்ளரிக்கா கிச்சடில்லா? தேங்காயும் கடுகும் அரைக்க மறந்துட்டான்." தயிர்ப் பச்சடியைத்தான் எங்கள் ஊரில் கிச்சடி என்போம். கல்யாண வீட்டு இலையில் கேட்காமலே இரண்டு தடவை விளம்புவார்கள், மக்களே. அதற்கு யாராவது 60 ரூபாய் வாங்கினால் பந்தியிலேயே அடி விழும்.

பில் கொடுக்கும்போது முணுமுணுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். பழைய கிரீஸில் இரும்புக் கம்பிகளையே காசாக வைத்திருந்தார்களாம், கம்பிக்கு இருந்த பெயர்தான் பிறகு ஓபோல் என்கிற காசுக்கு வந்தது, ஆறு ஓபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா, அதாவது ஒரு கைப்பிடி. யூரோ வரும்வரை அவர்கள் காசுக்குப் பெயர் திராக்மாதான். அப்படியென்றால் மேசையில் கிடந்த கம்பிகளைத் தருகிறேன், கணக்கை முடியுங்கள் என்றேன். அது மூங்கில் குச்சி தங்கச்சி, செல்லாது என்றார்.

விடுவேனா? மறுநாளே ஒரு லிட்டர் தயிர் வாங்கினேன், 80 ரூபாய். பழைய வேட்டித் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் எடை போட்டால் 420 கிராம். பாதிக்கு மேல் தண்ணீராகப் போய்விட்டது, அந்தத் தண்ணீரை அம்மா கறிவேப்பிலைக்கு ஊற்றினாள். வெள்ளரிக்காயை அவசரத்தில் பிழியாமல் போட்டேன், அரை மணி நேரத்தில் மோராகிவிட்டது. அது ஒரு 420 கிராம் போச்சு. இரண்டாவது தடவை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, கை வலிக்கப் பிழிந்து சேர்த்தேன். அடடா, நின்றது! கரண்டியைக் கவிழ்த்தால் விழவில்லை, பாருங்கள் இந்தக் கிளிப்பை, விழவில்லை. தயிர், வெள்ளரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டால் அந்த டப்பா அளவுக்கு 13 ரூபாய்தான் ஆகிறது. பதின்மூன்று!

அம்மாவிடம் போய் வெற்றியோடு சொன்னேன். அவள் மோராகிப்போன முதல் தயிரைக் கணக்கில் சேர்த்தாயா என்று கேட்டாள். அப்புறம், "பன்னெண்டு மணிக்கூர் துணி தொங்கினதுக்கு அவன் வாடகை கேக்க மாட்டானா?" என்று அவன் பக்கம் பேசினாள். சரி, 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 நியாயம். 40 வரைக்கும் வாயை மூடிக்கொண்டு தருவேன். 60 கொள்ளை.

இன்னொன்று, அதற்குள் மறந்துவிட்டேன். கடைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. சாந்தோரினித் தீவில் அக்ரோத்திரி என்று ஓர் ஊர், 3,500 வருடத்துக்கும் முன்னால் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. அங்கே தோண்டி எடுத்ததில் சுட்ட மண்ணால் செய்த கம்பி தாங்கி இருக்கிறது, ஜோடியாக வைத்து மேலே வரிசையாகக் கம்பி வைக்கப் பள்ளம், அடியில் கரிக்குக் காற்றுப் போக ஓட்டை. பார்த்தவுடனே எனக்குப் புத்தி வேலை செய்தது. நாம் நிற்பது எங்கே? சுங்கான்கடை! மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர்! வண்டியை நேரே ஒரு மண்பாண்ட வீட்டுக்கு விட்டு, போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அந்தத் தாத்தா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அடுப்பா, தொட்டிலா?" என்றார். ஜோடி 350 ரூபாய், சூளை வைக்கும்போது சேர்த்து வைக்கிறேன், பதினைந்து நாள் ஆகும் என்றார். அங்கே நான் பேரம் பேசவே இல்லை. வந்ததும் மொட்டை மாடியில் சிரட்டைக் கரி போட்டுச் சுடுகிறோம், அம்மா மரச்சீனி அவிப்பாள், வீடியோ வரும்.

என்னம்மா? வீடியோ ஓடுது. என்ன? சத்தமாகச் சொல்லாதே... 

சரி. அம்மா சொல்லச் சொல்கிறாள். இந்த டப்பா முதல் நாள் வாங்கியது இல்லை. அது அன்றைக்கே குப்பையில் போய்விட்டது. இது நேற்று, ஞாயிற்றுக்கிழமை, பன்றி இருக்கிறதா பார்க்கலாம் என்று போனபோது வாங்கியது. இரண்டு வாங்கினேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, 120 என்று மட்டும் எழுதினார்.