மலையின் பச்சையை உண்ணும் துறைமுகம்

நேயர்களுக்கு வணக்கம்.

வடமேற்கு இத்தாலியில், லிகூரியக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஜெனோவா நகரத்து உணவைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கொலம்பஸ் பிறந்த ஊர் அது. பெரிய துறைமுகம். முதல் முறை அங்கே போனபோது, மூன்று வேளையும் மீன்தான் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு நம் முன்னால் வைப்பது இலையையும் கீரையையும் கடலை மாவையும் ஆலிவ் எண்ணெயையும்தான்.

ஊரைச் சுற்றிப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். அப்பென்னைன் மலைத்தொடர் அங்கே கடலை ஒட்டி இறங்குகிறது. சமவெளி மிகக் குறைவு. மாடு மேயப் பரந்த புல்வெளி இல்லாததால் வெண்ணெய் அந்தச் சமையலில் முக்கிய இடம் பிடிக்கவில்லை. சரிவுகளில் கல்சுவர் எழுப்பி, படிப்படியாக நிலம் ஆக்கி ஆலிவ் வளர்த்தார்கள். இன்னொரு காரணமும் அங்கே சொல்வார்கள். மாதக்கணக்கில் கப்பலில் உலர்ந்த பிஸ்கட்டையும் உப்பிட்ட உணவையும் தின்று திரும்பிய மாலுமியின் நாக்கு கரையில் தேடியது பச்சை இலையின் வாசனையைத்தானாம். அந்த விளக்கத்தை நான் மனமார நம்புகிறேன்.

அந்தப் பச்சையின் உச்சம் பெஸ்டோ என்ற பேசில் இலைச் சாந்து. பேசில் என்கிறார்களே, அது நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். சப்ஜா விதை தரும் செடி. ஜெனோவாவின் மேற்குப் பகுதியில் ப்ரா என்ற இடத்துக் கண்ணாடிக் குடில்களில் விளைவதற்குத் தனி மதிப்பு உண்டு. செடி இளசாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாக விற்பார்கள். ஜெனோவா பேசிலுக்கு 2005இல் நம் ஊர்ப் புவிசார் குறியீடு போன்ற, ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பும் கிடைத்தது.

சலவைக்கல் உரலில் பூண்டையும் கல்லுப்பையும் நசுக்கி, இலையையும் பைன் கொட்டையையும் சேர்த்து, மர உலக்கையைச் சுழற்றிச் சுழற்றி அரைக்கிறார்கள். இடிப்பதைவிட உரலின் சுவரோடு சேர்த்துத் தேய்ப்பதே முறை. பிறகு பார்மிஜானோ என்ற பாலாடைக்கட்டியும் சார்டினியத் தீவின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் சேரும், கடைசியில் எண்ணெய். மிக்ஸியில் அரைத்தால் கத்தியின் சூட்டில் இலை கறுத்து, மணமும் குன்றிவிடும். பெஸ்டோவை அடுப்பில் ஏற்றுவதே இல்லை. திரெனெத்தே என்ற நாடா வடிவப் பாஸ்தாவை உருளைக்கிழங்கு, பச்சை பீன்ஸுடன் ஒரே தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுப் பெஸ்டோவைத் தளர்த்திப் பிசறித் தருகிறார்கள். பாஸ்தாவோடு உருளைக்கிழங்கா என்று தயங்காதீர்கள். கிழங்கு கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும் அழகைச் சாப்பிட்டுத்தான் அறிய வேண்டும். உரலில் பெஸ்டோ அரைப்பதற்கென்றே 2007 முதல் உலகப் போட்டி ஒன்றை அந்த ஊரில் நடத்தி வருகிறார்கள்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். அது வேண்டாம் என்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

அவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஃபரினாத்தாவைத்தான். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு: இந்த நான்கே பொருள்கள். மாவைப் போல மூன்று மடங்கு தண்ணீரில் கரைத்துப் பல மணி நேரம் ஊறவிட்டு, மேலே திரளும் நுரையை எடுத்துவிடுகிறார்கள். ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டில் எண்ணெயோடு ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். மேல்புறம் பொன்னிறமாக மொறுமொறுக்க, உள்ளே பாலாடை போல மெத்தென்று இருக்கும். மிளகுத்தூள் தூவி, சூடு ஆறுவதற்குள் தின்ன வேண்டும். ஆறிய ஃபரினாத்தாவில் அந்தச் சுகம் இல்லை. 1284இல் மெலோரியா கடற்போரில் ஜெனோவாக்காரர்கள் பீசா நகரத்தாரை வென்று திரும்பும் வழியில், புயலில் கப்பலின் மாவும் எண்ணெயும் கடல்நீரோடு கலந்துவிட, அந்தக் கலவையை வெயிலில் காயவைத்துத் தின்றதில் இது பிறந்தது என்பது ஊர்க்கதை. போர் நடந்தது வரலாறு, மற்றது கதை. ஆனாலும் மாவையும் எண்ணெயையும் வீணாக்க மனம் வராத மாலுமிகளின் கதை அந்த ஊருக்கு மிகவும் பொருந்துகிறது. இதைச் சுட்டு விற்கும் பழைய கடைகளுக்கு ஷமாத்தா என்று பெயர். விறகு அடுப்பில் எழும் தீச்சுவாலையிலிருந்து வந்த சொல் அது.

காலையில் ஃபொக்காச்சா ரொட்டி. மாவை விரல்களால் குழி குழியாக அழுத்தி, உப்புநீரும் எண்ணெயும் அந்தக் குழிகளில் தேங்கும்படி சுடுவார்கள். ஊர்க்காரர்கள் அதைக் கப்புச்சினோவில் தோய்த்துத் தின்கிறார்கள். உப்பும் காபியும் சேருமா என்று எனக்கும் ஐயம் இருந்தது. இரண்டாம் நாளே அது பழகிவிட்டது. கிழக்கே ரெக்கோ என்ற சிற்றூர் வரை ரயிலில் போனால், காகிதம் போல மெல்லிய இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பாலாடைக்கட்டி உருகி வழியும் இன்னொரு வகை கிடைக்கும்.

மீன் இல்லவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய துறைமுகத்தை நோக்கியிருக்கும் சொத்தோரிப்பா வளைவு மண்டபங்கள் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதன் கீழ் நடந்தால், மாவில் புரட்டிப் பொரித்த நெத்திலியைக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். நின்றபடியே தின்னலாம்.

கடலும் மலையும் ஒரே தட்டில் சேர வேண்டும் என்றால் கப்போன் மாக்ரோ இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு போன்ற, இறைச்சி விலக்கிய நாட்களுக்கான உணவு. அடியில் பூண்டு தேய்த்து வினிகரில் நனைத்த கப்பல் பிஸ்கட். அதன்மேல் வேகவைத்த காய்கறி ஓர் அடுக்கு, மீன் ஓர் அடுக்கு, மறுபடியும் காய்கறி. இடையிடையே பார்ஸ்லி இலையும் கேப்பர் மொட்டும் நெத்திலியும் அரைத்த பச்சைச் சாந்து. உச்சியில் இறாலும் ஆலிவ் காயும். எளியவர்களின் உணவாகத் தொடங்கிச் செல்வர் வீட்டு விருந்துக்கு ஏறிய பண்டம். இதைச் செய்து முடிக்க நெடுநேரம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பரிமாறும்போது கரண்டியை அடிவரை இறக்கச் சொல்லுங்கள். சாறெல்லாம் குடித்து ஊறிய அந்தக் கப்பல் பிஸ்கட் உங்கள் தட்டுக்கும் வர வேண்டும்.

வணக்கம்.