பிறந்தநாளுக்கு பிஎஸ்5: பெட்டியை எப்போ பிரிக்கணும்?

அடுத்த கேள்வி, திருச்சியிலேர்ந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. "பையனுக்கு வர்ற சனிக்கிழமை 11 வயசு ஆகுது. சர்ப்ரைஸா சோனியோட பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) ஸ்லிம் கேம் கன்சோல், டிஸ்க் போடுற மாடல், வாங்கி பீரோவுல வெச்சிருக்கோம். சனி ஞாயிறு ரெண்டு நாளும் அவன் பிரெண்ட்ஸ் மூணு பேர் வர்றாங்க. முன்னாடியே என்னென்ன தயார் பண்ணணும்? கண்ணுல மாட்டி ஆடுற விஆர் ஹெட்செட்டும் சேர்த்து வாங்கலாமா?"

முதல்ல பெட்டியைப் பிரிங்கம்மா. சனிக்கிழமை கேக் வெட்டிட்டுப் பிரிச்சா, பசங்க நாலு பேரும் சாயங்காலம் வரைக்கும் டவுன்லோட் பட்டையைத்தான் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. வியாழக்கிழமை ராத்திரி பையன் தூங்கினதும் பிரிச்சு டிவியில மாட்டுங்க. புதுக் கன்சோல் ஆன் பண்ணதும் சாஃப்ட்வேர் அப்டேட் கேக்கும். ஸ்லிம் மாடல்ல அந்த டிஸ்க் டிரைவைக் கழட்டி மாட்டலாம் இல்லையா, அதை முதல் செட்டப்புல கன்சோலோட பதிவு பண்றதுக்கே இன்டர்நெட் வேணும். டிஸ்க் இருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க. டிஸ்க் போட்டாலும் கேம் முதல்ல உள்ளே காப்பி ஆகணும், அதுக்கப்புறம் அதோட அப்டேட் இறங்கணும்.

கணக்கு சொல்றேன். உங்க இன்டர்நெட் பிளான் வேகம் 40 எம்பிபிஎஸ்னா, 8-ஆல வகுங்க, செகண்டுக்கு 5 எம்பி. 50 ஜிபி கேம் ஒண்ணு இறங்க 10,000 செகண்ட், கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் மணி நேரம். 100 எம்பிபிஎஸ்னா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. இது ரவுட்டர் பக்கத்துல இருந்தா. ஹால்ல ரவுட்டர், ரெண்டு சுவர் தள்ளி ரூம்ல டிவின்னா வேகம் பாதியாகிறது சகஜம். அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் கன்சோலை ரவுட்டர் கிட்ட தூக்கிட்டு வந்து லேன் கேபிள் போட்டுடுங்க. மறக்காம செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் சேவிங்னு போங்க, அதுக்குள்ள ரெஸ்ட் மோட்ல, அதாவது கன்சோல் அரைத் தூக்கத்துல இருக்கும்போது, என்னென்ன வேலை செய்யணும்னு ஒரு பக்கம் வரும். அதுல இன்டர்நெட்ல இணைஞ்சே இருக்கிற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க, யுஎஸ்பிக்குப் பவர் கொடுக்கிறதையும் ஆன் பண்ணுங்க. அப்போதான் ரெஸ்ட் மோட்ல விட்டுட்டுத் தூங்கினாலும் டவுன்லோடு ஓடும், கன்ட்ரோலரும் சார்ஜ் ஆகும். கன்ட்ரோலர் முழுசா ஏற 3 மணி நேரம் பிடிக்கும்.

அப்போ சர்ப்ரைஸ் போச்சேன்னு கேப்பீங்க. போகாது. கேம் எல்லாம் இறங்கினதும் கன்சோலை டிவி ஸ்டாண்டுல மாட்டி மேல ஒரு துணியைப் போட்டுடுங்க. கன்ட்ரோலரை மட்டும் கலர் பேப்பர்ல சுத்திக் கொடுங்க. பையன் பிரிச்சதும் நடுவுல இருக்கிற பிஎஸ் பட்டனை அமுக்கச் சொல்லுங்க, டிவி தானா உயிர் பெறும். அதுக்கு டிவியில எச்டிஎம்ஐ சிஇசி, அதாவது கன்சோல் ஆன் ஆனா டிவியும் கூடவே ஆன் ஆகிற வசதி, ஆன்ல இருக்கணும். அதுக்குக் கம்பெனிக்கு ஒரு பேர் வெச்சிருப்பாங்க, சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்ளிங்க், சோனியில பிராவியா சிங்க். கன்சோல்லயும் எச்டிஎம்ஐ செட்டிங்ஸ்ல அதே மாதிரி ஒண்ணு இருக்கு.

அக்கவுண்டுலதான் நிறைய பேர் தடுக்கி விழுறாங்க. உங்க பேர்ல ஒரு பிளேஸ்டேஷன் அக்கவுண்ட், அதுக்குக் கீழே பையனுக்குக் குழந்தை அக்கவுண்ட். நாடு இந்தியான்னு சரியா போடுங்க, பின்னாடி மாத்த முடியாது. செலவு வரம்பைப் பூஜ்யமா வெச்சுடுங்க. கேமை உங்க அக்கவுண்டுல வாங்கியிருந்தா, பையன் அக்கவுண்டுல திறக்கும்போது பூட்டுப் படம் வரலாம். யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ்ல கன்சோல் ஷேரிங்னு ஒண்ணு இருக்கும், உங்க அக்கவுண்டுல அது ஆன்ல இருக்கான்னு பாருங்க. வெள்ளிக்கிழமையே பையன் அக்கவுண்டுல ஒவ்வொரு கேமையும் ஒரு தரம் திறந்து, மெனு வர்ற வரைக்கும் போய்ட்டு வந்துடுங்க.

என்ன கேம்? நாலு பேர் ஒரே சோஃபான்னா, சாக்பாய் எ பிக் அட்வென்ச்சர் அல்லது ஓவர்குக்ட் ஆல் யூ கேன் ஈட். ரெண்டுலயும் நாலு பேர் சேர்ந்து ஆடலாம், ஒரே வீட்டுக்குள்ள ஆட பிஎஸ் பிளஸ்ங்கிற சோனியோட ஆன்லைன் சந்தா தேவையில்லை. கால்பந்துப் பைத்தியம்னா இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி வாங்கலாம், அதுலயும் நாலு பேர் ஆடலாம். ராக்கெட் லீக் இலவசம், திரையை நாலா பிரிச்சுக் கொடுக்கும். இட் டேக்ஸ் டூ அருமையான கேம்தான், ஆனா பேர்லயே இருக்கு, ரெண்டு பேர்தான். மீதி ரெண்டு பேர் சண்டைக்கு வருவாங்க. ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் கன்சோல்லயே வரும். ஒருத்தர்தான் ஆடணும், ஆனா கன்ட்ரோலர் என்னென்ன பண்ணும்னு காட்ட அதை மிஞ்சினது இல்லை. உயிர் போனா அடுத்தவன் கைக்குன்னு முறை வெச்சுடுங்க.

இப்போ கன்ட்ரோலர். வழக்கமா பெட்டியில ஒண்ணுதான் வரும். பசங்களை அவங்க வீட்டுலேர்ந்து கொண்டு வரச் சொல்றீங்கன்னா, பிஎஸ்5 கன்ட்ரோலரான்னு கேட்டுக்குங்க. பழைய பிஎஸ்4 கன்ட்ரோலர் இணையும், மெனுவுல நகரும், ஆனா பிஎஸ்5 கேமுக்குள்ள வேலை செய்யாது, பிஎஸ்4 கேம்ல மட்டும்தான். வந்த கன்ட்ரோலரைக் கேபிள்ல செருகி பிஎஸ் பட்டனை அமுக்கினா சேர்ந்துடும். சேரலையா? கேபிளை மாத்துங்க. பவர் பேங்க் கூட வர்ற சில கேபிள் சார்ஜ் மட்டும்தான் பண்ணும், டேட்டா போகாது. லைட் எரியும், ஆனா கன்சோலுக்கு கன்ட்ரோலர் வந்ததே தெரியாது. வீட்டுக்குத் திரும்பினதும் அவங்க கன்சோல்ல இதே மாதிரி மறுபடி சேர்க்க வேண்டி வரலாம், அதைப் பசங்ககிட்ட சொல்லி அனுப்புங்க.

டிவியில கேம் மோடு போடுங்க, இல்லன்னா பட்டன் அமுக்கினதுக்கும் திரையில நடக்கிறதுக்கும் இடைவெளி விழும். பெட்டியில வந்த எச்டிஎம்ஐ கேபிளையே போடுங்க, செட்டாப் பாக்ஸ் கேபிள் வேண்டாம். படமே வரலைன்னா கன்சோலை முழுசா ஆஃப் பண்ணிட்டு, பவர் பட்டனை ரெண்டாவது பீப் கேக்கிற வரைக்கும், சுமார் 7 செகண்ட், அழுத்திப் பிடிங்க. சேஃப் மோடு வரும். கன்ட்ரோலரைக் கேபிள்ல செருகி, வீடியோ அவுட்புட் மாத்துற வரியில ரெசல்யூஷனைக் குறைங்க. சுவத்துலேர்ந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வைங்க, மூடின ஷெல்ஃபுக்குள்ள தள்ளாதீங்க.

கரண்ட் போற ஏரியான்னா இன்வெர்ட்டரைப் பாருங்க. நிறைய மாடல்ல யுபிஎஸ், ஈகோன்னு ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவுல இருந்தா மாறுற நேரத்துல ஃபேன் ஓடும், கன்சோல் பொசுக்குன்னு அணைஞ்சுடும். யுபிஎஸ்ல போட்டுடுங்க. கேம் ஓடும்போது கன்சோல் சுமார் 200 வாட் இழுக்கும், டிவி தனி. அயர்ன் பாக்ஸை அதே லைன்ல போட்டுடாதீங்க.

விஆர் இந்தத் தடவை வேண்டாம்மா. பிஎஸ் விஆர்2-ஐ 12 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க போடக் கூடாதுன்னு சோனியே சொல்லியிருக்கு, உங்க பையனுக்கு 11. அதோட ஹெட்செட்டை ஒருத்தன் மாட்டிட்டா மூணு பேர் சும்மா நிப்பாங்க. அதுல கொஞ்சம் காசை எடுத்து ரெண்டாவது கன்ட்ரோலர் வாங்கிடுங்க.