தண்ணீரை வெறுத்த இழை

நண்பர்களே, வணக்கம்.

ஓட்டப்பந்தய வீரர்கள் இன்று உடுத்துவது பெரும்பாலும் பாலியஸ்டர். பாலியஸ்டர் என்றாலே புழுக்கம் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே சரக்குதான்!

பாலியஸ்டருக்கு முன்னால் வந்த செயற்கை இழை நைலான். அதன் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1935-இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸின் குழு அதை உருவாக்கியது. 1940-இல் பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்தது, போர் வந்ததும் பாராசூட்டுக்குப் போய்விட்டது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். கசங்காது, சட்டென்று காயும். ஆனால் ஈரத்தோடு அதற்கு ஒட்டே கிடையாது. சாதாரணக் காற்றில் பருத்தி சுமார் 8 சதவீதம் ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. அதனால் வியர்வை தோலிலேயே பிசுபிசுவென்று நின்றது.

இதற்குத் தீர்வு பெரும்பாலும் வடிவத்திலிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. உருக்கிய பாலியஸ்டரை நுண்துளைகள் உள்ள தகட்டின் வழியாகப் பிதுக்கித்தான் இழை எடுக்கிறார்கள். துளை வட்டமாக இருந்தால் இழை வழவழவென்று உருண்டையாக வரும். துளையின் வடிவத்தை மாற்றினால், இழையின் நீளத்துக்கும் பள்ளங்கள் ஓடும். 1986-இல் வந்த கூல்மேக்ஸ் என்ற பாலியஸ்டர் இழை அப்படிப்பட்டது. குறுகிய இடுக்கில் தண்ணீர் தானாகவே ஏறும் அல்லவா? வியர்வை அந்தப் பள்ளங்கள் வழியே துணியின் வெளிப்பக்கம் போய், பரவி, காய்ந்துவிடும். இழைக்குள்ளே ஈரம் புகாததால் துணி கனப்பதும் இல்லை. பழைய குறையே இங்கே கைகொடுத்தது.

இழுபடும் தன்மைக்கு ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இருக்கிறது. கொஞ்சம் கலந்தாலே போதும்.

சரி, வியர்வையை வெளியேற்றும் என்ற விளம்பரத்தை நம்பலாமா? புதுச் சட்டையின் உட்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பெயரளவுக்குத்தான். உடனே பரவினால் நல்ல துணி. காற்றே ஈரமாக இருக்கும் நாளில் எந்த இழையும் பெரிதாக உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். அது இழையின் மேல் படிந்து, தண்ணீர் பரவுவதைத் தடுக்கும். உடல் எண்ணெய் பாலியஸ்டரில் எளிதில் ஒட்டும், நாற்றமும் சீக்கிரம் போகாது. ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகள் உதிர்ந்து நீர்நிலைகளுக்குப் போகின்றன. இழை செய்பவர்கள் இனி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது இதற்காகத்தான் என்பேன்.