அரண்மனைக்குள் ஒரு காபிக் கடை

மதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, நாற்காலி போட்ட தம்பிமார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டு மூன்று மாதம் அவர் முகத்தில் விழிக்க முடியவில்லை.

தலைப்பு, இன்றைய சீன இளைஞர்கள். உணவு, உடை, எழுத்து என்று மூன்று பகுதியாகப் பேசுகிறேன்.

'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று என் பாட்டி திட்டுவார். "நாற்று நடச் சேறு, கால் கழுவ ஆறு, இரண்டும் வேண்டுமே பாட்டி" என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். இன்றைய சீன இளைஞர்களும் அப்படித்தான், பழமையில் ஒரு கால், புதுமையில் ஒரு கால்.

முதலில் உணவு. பெய்ஜிங்கில் 24 பேரரசர்கள் வாழ்ந்த அரண்மனை இருக்கிறது. சாதாரண ஜனம் எட்டிப்பார்க்க முடியாதிருந்த இடம், இப்போது அருங்காட்சியகம். அதற்குள் 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஸ்டார்பக்ஸ் காபிக் கடையைத் திறந்தது. முணுமுணுப்பு எழுந்தது, பெயர்ப்பலகையை மட்டும் கழற்றினார்கள். காபி ஓடிக்கொண்டிருந்தது. 2007 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி அறிவிப்பாளர், 'எங்கள் பண்பாட்டை மிதிக்கிறது' என்று இணையத்தில் எழுதினார். நாடே பற்றிக்கொண்டது. ஜூலையில் கடை மூடப்பட்டது. வெற்றி! கதை முடிந்ததா? 2018 டிசம்பரில் அரண்மனை அருங்காட்சியகமே வடக்கு வாயில் அருகே காபிக் கடை திறந்தது. சும்மா இல்லை, காங்ஷி பேரரசர் பெயரில் ஒரு சாக்லேட் பானம்! பிள்ளைகள் வரிசையில் நின்று குடித்தார்கள். விரட்டியது கடைக்காரனைத்தான் ஐயா, காபியை அல்ல. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்!

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அங்கே ஆப்பிள் பரிசளிக்கிறார்கள். ஆப்பிளுக்குச் சீனத்தில் 'பிங்குவோ'. அந்த இரவுக்கு 'பிங்ஆன் யே', அமைதி இரவு. 'பிங்' ஒத்துப்போனது, ஆப்பிள் விற்றது.

உடைக்கு வருகிறேன். 2003இல் செங்சௌ நகரத் தெருவில் ஓர் இளைஞர் ஹன்ஃபூ என்ற பழங்காலச் சீன உடையில் நடந்தார். ஜப்பானிய உடையோ என்று சிலர் கேட்டார்களாம். இப்போது அதை உடுத்தும் இளைஞர்களுக்குக் கணக்கில்லை. இதில் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் என் மனம் எழுத்திலேயே நிற்கிறது.

'பேனாவை எடுத்தால் எழுத்து மறக்கிறது' என்று சீனத்தில் நான்கெழுத்துத் தொடரே உண்டு. கைபேசியில் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் சீன எழுத்து வரிசையாக வந்து நிற்கும், தேர்ந்தெடுத்தால் போதும். கை மறந்துவிடுகிறது. 2013இல் சீன அரசுத் தொலைக்காட்சி பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டியே நடத்தியது. அங்கே 'தேரை' என்ற சொல்லை, கூடவே எழுதிப் பார்த்த பெரியவர்களிலேயே பலரால் எழுத முடியவில்லை!

நம் வீட்டில் யார் கடைசியாக ஒரு கடிதத்தைக் கையால் எழுதினீர்கள்? அதனால்தான் சனிக்கிழமைதோறும் நூலகத்தில் ஒரு மணி நேரக் கையெழுத்து வகுப்பு வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தலைவரை நச்சரிக்கிறேன். அவர் துண்டுச் சீட்டு நீட்டுகிறார். வகுப்புக்கு அனுமதி என்று பார்த்தால், 'நேரம் முடிந்தது' என்று எழுதியிருக்கிறார். அதையாவது கையால் எழுதினாரே! வாசல் மேசையில் நாற்பது பக்க நோட்டுகள் வைத்திருக்கிறேன். பெயர் எழுதிவிட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.