கண் தெரியாத அப்பாவுக்கு மகள் துணையாகப் போகலாமா?

மட்டக்களப்பு மண்டூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "நீரிழிவால் அப்பாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாமல் போய்விட்டது. போன தேர்தலில் அங்கிருந்த அலுவலர்தான் அவருக்காகப் புள்ளடி போட்டார். முன்பின் தெரியாத ஒருவரிடம் மனதில் உள்ளதைச் சொல்ல அப்பாவுக்குச் சங்கடமாக இருந்ததாம். அடுத்த முறை நான் கூடப் போகலாமா? தம்பி மனவளர்ச்சி குறைந்தவன், அவனுக்கு வாக்கு இருக்கிறதா?"

தாராளமாகப் போகலாம் தங்கச்சி. இலங்கையின் 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இதற்காகவே வந்தது. பார்வையில்லாதவரும் உடல் இயலாமை உள்ளவரும் தமக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். துணைக்குப் போகிறவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவர் வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக் கூடாது. யாரையும் கூட்டிப்போக விருப்பமில்லையென்றால், வாக்களிப்பு நிலையத்தின் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலர் இன்னொரு அலுவலரை அருகில் வைத்துக்கொண்டு அடையாளமிட்டுக் கொடுப்பார். சென்ற முறை உங்கள் அப்பாவுக்கு நடந்தது அதுதான். அது தவறல்ல. ஆனால் அது ஒன்றுதான் வழி என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

துணைக்கு ஆள் கூட்டிப்போவதற்கு ஒரு தகைமைச் சான்றிதழ் வேண்டும். படிவம் கிராம உத்தியோகத்தரிடமும் மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்திலும் கிடைக்கும். அரசாங்க வைத்தியர் ஒருவர் அதை உறுதிப்படுத்த வேண்டும். வாக்களிப்புக்கு முதல்நாள் இதற்காக ஓடித் திரிய வேண்டாம். அப்பா கிளினிக்குக்குப் போவாரல்லவா? களுவாஞ்சிக்குடிக்கென்று குருமண்வெளிப் பாதைப் படகில் ஏறுகிற அன்றைக்கே, கிளினிக் கொப்பியோடு படிவத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கண் தெரியாதவரைப் படகில் ஏற்றி இறக்குகிற பாடு எனக்குத் தெரியும். அதை ஒரே பயணத்தில் முடிப்பது அவருக்கும் நல்லது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தேர்தலில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் நான் வாக்களிப்பு நிலையக் கடமையில் இருந்தேன். கண் தெரியாத ஓர் அம்மா மகனோடு வந்தா. பெயரைக் கேட்டாலும் மகன்தான் சொன்னார், அடையாள அட்டையைக் கேட்டாலும் மகன்தான் நீட்டினார். வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியதும், "அம்மா யாருக்குப் போடுவா என்று எனக்குத் தெரியும்தானே" என்றபடி மறைப்பை நோக்கி நடந்தார். அம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினா. "மகன், நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே" என்றா. அவ்வளவு சனத்துக்கும் கேட்டது. மகன் அப்படியே குனிந்து தன் காதை அம்மாவின் வாயருகே கொண்டுபோனார்.

நீங்களும் அப்படிக் குனிய வேண்டும் தங்கச்சி. அப்பாவின் தெரிவு உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். இருந்தாலும் அவர் சொன்ன இடத்தில்தான் புள்ளடி விழ வேண்டும். வெளியே வந்த பிறகு அம்மாவிடம்கூட அதைச் சொல்லக் கூடாது. பாராளுமன்றத் தேர்தலென்றால் கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு மூன்று வேட்பாளர்கள் வரைக்கும் விருப்பு வாக்கு இருக்கிறது. அந்த இலக்கங்களை அப்பா வீட்டிலேயே யோசித்து மனதில் வைத்துக்கொண்டால் உள்ளே தடுமாற மாட்டார்.

நடக்க முடியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாக்காளர்களை வாகனத்தில் ஏற்றி இறக்குவதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. இயலாமை உள்ளவர் முன்கூட்டியே மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். கட்சிக்காரர் அனுப்புகிற வேனில் மட்டும் ஏறிவிடாதீர்கள். படிக்கட்டு உள்ள பாடசாலைதான் உங்கள் வாக்களிப்பு நிலையம் என்றால், அதையும் கிராம உத்தியோகத்தரிடம் நேரத்தோடு சொல்லிவையுங்கள். ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் சக்கர நாற்காலி ஏறிவிடும். அந்தப் பலகை இல்லாமல் வாசலோடு திரும்பிப்போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

இனி உங்கள் தம்பி. சித்தசுவாதீனமற்றவர் என்று சட்டப்படி தீர்மானிக்கப்பட்டவருக்குத்தான் அரசியலமைப்பு வாக்கை மறுக்கிறது. மனவளர்ச்சி குறைந்தவன் என்று வீட்டிலும் ஊரிலும் சொல்வது அப்படியொரு தீர்மானம் ஆகாது. "இவனுக்கு எதற்கு" என்று பெற்றவர்களே பெயர் கொடுக்காமல் விட்ட பிள்ளைகள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். தம்பிக்கு 18 வயது ஆகிவிட்டதென்றால், வாக்காளர் இடாப்பில் அவனுடைய பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அப்பாவின் படிவத்துக்காகக் கிராம உத்தியோகத்தரிடம் போகிற அன்றைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.