சுகரும் கண் நரம்பும்: கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுத்த மதுரை

வணக்கம் மக்களே. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணா நகரில் காலை நேரத்தில் கேமராவைத் தூக்கினால் இப்படித்தான். எதிரே தெரிவது அரவிந்த் கண் மருத்துவமனை. இன்றைக்குக் கண்புரை ஆபரேஷன் பற்றிப் பேசப்போவதில்லை. மதுரைக்காரர்களுக்கு அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுகரால் கண்ணில் வருகிற கோளாறைக் கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிக்க இந்த ஆஸ்பத்திரியும் கூகுள் கம்பெனியும் சேர்ந்து பார்த்த ஒரு வேலை இருக்கிறது, அதுதான் இன்றைய விஷயம். சுகர் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

சுகர் ரொம்ப நாள் இருந்தால் கண்ணுக்குள் விழித்திரையில் ஓடுகிற பொடி ரத்தக்குழாய்கள் பலவீனமாகிக் கசிய ஆரம்பிக்கும். நம் பக்கம் 'கண் நரம்பில் கோளாறு' என்பார்களே, அது பெரும்பாலும் இதுதான். ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. பஸ் போர்டு தெரியவில்லை என்று ஓடி வரும்போது பல பேருக்கு முற்றிப் போயிருக்கும் என்பார்கள். லேசரும் ஊசியும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றும். போனது முழுசாகத் திரும்பும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சுகர்காரர்கள் எல்லோரும் வருஷம் ஒருமுறை விழித்திரையைக் காட்டியாக வேண்டும். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2023-ல் சொன்ன கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஆளுக்கு ரெண்டு கண். இத்தனை கண்ணையும் எந்த டாக்டர் உட்கார்ந்து பார்ப்பார்?

இந்த இடத்தில்தான் கூட்டு வருகிறது. கூகுளிடம் கம்ப்யூட்டர் இருந்தது, கண் இல்லை. அரவிந்திடம் வருஷக்கணக்காக எடுத்த விழித்திரைப் படங்கள் குவிந்து கிடந்தன. அமெரிக்காவில் சேர்த்த படங்களோடு அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா படங்களையும் கலந்து, 1,28,175 படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்கினார்கள். அந்த ஆராய்ச்சி 2016-ல் வெளிவந்தது. படத்தைக் காட்டினால் மட்டும் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? இதில் நோய் இருக்கிறது, இதில் இல்லை என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமே. அதற்கு 54 கண் டாக்டர்கள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூன்று பேர், சிலதை ஏழு பேர் வரை பார்த்து மார்க் போட்டார்கள். ஏன் இத்தனை பேர் என்றால், ஒரே படத்தை ரெண்டு டாக்டரிடம் கொடுத்தால் ரெண்டு பதில் வரும். இது எனக்கும் புதுச் செய்திதான்.

அப்புறம் நேரடிச் சோதனை. அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், மனிதர்கள் படம் பார்த்துச் சொன்னதற்குக் கம்ப்யூட்டர் குறைந்துபோகவில்லை. 2019 பிப்ரவரியில் கூகுளும் அதன் பங்காளிக் கம்பெனி வெரிலியும், உலகத்திலேயே முதன்முறையாக நிஜ நோயாளிகளிடம் இதை மதுரை அரவிந்தில் பயன்படுத்த ஆரம்பித்திருப்பதாக அறிவித்தன. கலிபோர்னியாவில் இல்லை, இந்த அண்ணா நகரில். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டியவர்கள் தூக்கிக்கொள்ளலாம்.

சரி, பெருமை போதும். இந்த வேலை எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்று பார்க்கணும் என்றால் ஆஸ்பத்திரியை விட்டு ஊருக்குள் போகணும். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு விஷன் சென்டருக்கு எங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். விஷன் சென்டர் என்றால் சின்ன இடம்தான், டாக்டர் அங்கே உட்கார மாட்டார். பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைச் சோதித்துப் படம் எடுத்து அனுப்புவார்கள், மதுரையில் இருக்கிற டாக்டர் கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவார்.

அத்தை தாடையைத் தாங்கியில் வைத்து நெற்றியை முட்டுக்கொடுத்தார். அந்தப் பொண்ணு "அம்மா, பச்சைப் புள்ளியைப் பாருங்க, சிமிட்டாதீங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க" என்றது. பளிச்சென்று ஒரு வெளிச்சம், அத்தை தலையைப் பின்னால் இழுத்துவிட்டார், படம் பாதி கருப்பு. மறுபடி. இந்தத் தடவை இமை பாதியை மறைத்துவிட்டது. அந்தப் பொண்ணு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ரூமை இருட்டாக்கி, அத்தையின் இமையை விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து எடுத்தபோதுதான் சரியாக வந்தது. ஸ்கிரீனில் செம்மஞ்சள் வட்டம், நடுவே வெளிறிய ஒரு புள்ளி, அதிலிருந்து கொடி கொடியாகக் குழாய்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த விரல் தூக்கிப் பிடிக்காவிட்டால் அதற்குப் பார்க்க ஒன்றும் இல்லை.

இது என் கற்பனை இல்லை. கூகுள்காரர்களே தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் இதே சாஃப்ட்வேரை வைத்துப் பார்த்துவிட்டு, 2020-ல் வெளிப்படையாக எழுதினார்கள். எடுத்த படங்களில் 21 சதவீதத்தைக் கம்ப்யூட்டர் 'தெளிவில்லை' என்று திருப்பி அனுப்பியது. இருட்டு ரூம் இல்லை, வெளியே வரிசை நீளுகிறது, நர்ஸ் என்ன செய்வார்? தெளிவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். நோயே இல்லாத ஆளாகக்கூட இருக்கலாம், ஆனால் அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. நம் ஊரில் வயசானவர்களுக்குக் கண்புரையும் சேர்ந்திருக்கும், லென்ஸ் மங்கினால் உள்ளே படமே விழாது.

ஆகவே என் கருத்து இதுதான். இப்படிப்பட்ட கூட்டு அறிவிப்பு வரும்போது எல்லோரும் ஏஐ ஏஐ என்கிறார்கள். நான் கேட்பது வேறு: நல்ல கேமரா எத்தனை கிராமத்துக்குப் போகும், அதை இயக்கத் தெரிந்த பொண்ணுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள், 'கோளாறு இருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்தவர் லேசருக்கு மதுரை வர பஸ் காசுக்கு என்ன செய்வார்? கம்பெனி சாஃப்ட்வேரைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இந்த மூன்றையும் ஆஸ்பத்திரிதான் சுமக்கும்.

நம்மவர்கள் கண் படங்களை வைத்துத்தானே கற்றுக்கொண்டது, பதிலுக்கு நமக்கு என்ன என்று கேட்பவர்களும் உண்டு, நியாயமான கேள்வி. 2024 அக்டோபரில் ஒரு பதில் வந்தது. பெங்களூரு ஃபோரஸ் ஹெல்த், நம்ம மதுரை ஆரோலேப், தாய்லாந்தின் பெர்செப்ட்ரா ஆகிய நிறுவனங்களுக்குக் கூகுள்காரர்கள் இந்த சாஃப்ட்வேரைக் கொடுத்து, அடுத்த 10 வருஷத்தில் 60 லட்சம் பரிசோதனைகளை நோயாளிகளிடம் காசு வாங்காமல் செய்வதாகச் சொன்னார்கள். ஆரோலேப் இதில் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை வெளிநாட்டு விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது என்று 1992-ல் அரவிந்தே மதுரையில் தொடங்கிய தொழிற்சாலை அது. விலையைக் குறைப்பது அவர்களுக்குப் பழக்கமான வேலை. ஆனால் 10.1 கோடிக்குமுன் 60 லட்சம், அதுவும் ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெயில் கண்ணைக் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள், கூட ஒரு ஆள் வேண்டும். கருப்புக் கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். போன தடவை எடுத்த ரிப்போர்ட்டும் சுகர் அளவு எழுதின நோட்டும் கையில் இருக்கட்டும், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.